ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம்



விடுமுறை வேதாகமப் பள்ளிப் பிள்ளைகளின் பனியன்களுக்கு, இந்த ஆண்டு நோவாவின் வானவில்லை வாலிபர்கள் வரைந்திருக்கிறார்கள். ஏழு நிறங்கள். இருநூறு பனியன்களுக்கு அச்சுக்கூலி கேட்டுவந்த குழுவினர் திகைத்துப்போனார்கள். "ஒரு நிறம் கூடினால் ஒரு துளிச் சாயம்தானே கூடும், ஐயா?" என்று என்னிடமே கேட்டார்கள். விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்த கருமத்தம்பட்டிக்காரர்களுக்கு நெசவுக்கூலியின் கணக்கு அத்துப்படி. ஸ்கிரீன் பிரிண்டிங் திருப்பூர்ப் பக்கத்துத் தொழில். அதன் கணக்கு வேறு.

துணியில் கூடுவது ஒரு துளிதான். பட்டறையில் கூடுவதோ ஒரு சட்டம். மரத்தாலோ அலுமினியத்தாலோ ஆன சட்டத்தில், அங்குலத்துக்கு நூறுக்கும் மேற்பட்ட இழைகள் ஓடும் பாலியஸ்டர் வலையை விறைப்பாக இழுத்துக் கட்டுகிறார்கள். அதன்மேல், ஒளி பட்டால் இறுகிவிடும் பசையை மஞ்சள் விளக்கொளியில் பூசி உலர்த்துகிறார்கள். படம் கறுப்பாகப் பதிந்த ஃபிலிமை ஒட்டவைத்து ஒளி காட்டினால், கறுப்பு மறைத்த இடம் மட்டும் இறுகாமல் நிற்கும். தண்ணீர் பீய்ச்சியதும் அது கரைந்தோட, வலைக்கண்கள் திறக்கும். அவற்றின் வழியேதான் சாயம் துணியில் இறங்குகிறது. (போதகர் ஒருவருக்கு இதில் உவமை தேடும் ஆசை வராமலிருக்குமா? இன்று அடக்கிக்கொள்கிறேன்.) ஒரு சட்டத்துக்கு ஒரே நிறம். வானவில்லுக்கு ஏழு ஃபிலிம், ஏழு சட்டம்.

வலை எதற்கு, வெட்டிய காகிதம் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். காகிதத்தில் 'வ' என்னும் எழுத்தை வெட்டிப் பாருங்கள். அதன் சுழிக்குள் இருக்கும் துண்டு தனியே விழுந்துவிடும். பழங்கால ஜப்பானியர் பெர்சிம்மன் பழச்சாற்றில் பதப்படுத்திய காகித அச்சுகளில் மெல்லிய பட்டு இழைகளைப் பதித்து, இத்தகைய துண்டுகளை நிற்கச் செய்தார்கள். இழைகளே முழு வலையானபோது இன்றைய முறை பிறந்தது. மான்செஸ்டர் நகரத்து சாமுவேல் சைமன் பட்டுத்திரை அச்சுக்கு 1907-இல் காப்புரிமை பெற்றார்.

உள்ளாடைப் பனியனுக்குப் பெயர்பெற்றிருந்த திருப்பூருக்கு, 1978-ஆம் ஆண்டளவில் இத்தாலியிலிருந்து வந்த வெரோனா என்னும் வியாபாரி ஒருவரால் ஏற்றுமதி வழி திறந்தது என்பார்கள். டி-ஷர்ட்டுகள் பெருகப் பெருக, அச்சு மேசைகளும் பெருகின.

நம் சபைச் சகோதரர் ஒருவர் பதினெட்டு ஆண்டுகளாக அப்படியொரு மேசையருகே நிற்கிறார். அவருக்குப் பீஸ் கணக்கில் கூலி. ரப்பர் விளிம்புள்ள ஸ்குவீஜியால், ஒரு நிறத்துக்கு இரண்டு இழுப்பு. நம் வானவில்லை அவர் அச்சிட்டால், இருநூறு பனியனுக்கு இரண்டாயிரத்து எண்ணூறு இழுப்பு. ஒரு சட்டம் மயிரிழை விலகினாலும் நிறங்களுக்கிடையே வெள்ளைக் கோடு தெரியும். அந்தப் பீஸ் கழிவு. பின்பு ஏறக்குறைய 150 டிகிரி வெப்பத்தில் சாயம் இறுகவேண்டும். அவசரப்படுத்தினால் முதல் சலவையிலேயே உரியத் தொடங்கும். "நாளைக்கே வேண்டும்" என்று கேட்பவர்களில் சபைக்காரர்களும் உண்டு என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொரு செலவு எந்த ரசீதிலும் வருவதில்லை. வேலை முடிந்ததும் ஏழு சட்டங்களையும் கழுவவேண்டும். அந்த நீரோடு மிச்சச் சாயமும் போகும். நொய்யல் கரைக்காரர்களான நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. பாசனத்துக்கென்று கட்டி 1992-இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குளமாயிற்று. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத நிலை வரும்வரை திருப்பூரின் சாய, சலவை ஆலைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த மாதங்களில் சாயமேற்றிய துணி வராமல் தம் மேசை காய்ந்து கிடந்ததையும், மளிகைக் கடன் ஏறியதையும் சகோதரர் மறக்கவில்லை. ஆற்றின்மேல் அவருக்குக் கோபமில்லை. அவருடைய அப்பா அந்த ஆற்றில் நீந்தியவர்.

கூலியைக் குறைத்துக் கேட்பதைவிட நிறத்தைக் குறைப்பதே முறை என்பது என் எண்ணம். வாலிபர்களோ, இரண்டு நிறத்தில் வரைந்தால் அது எப்படி வானவில் என்கிறார்கள். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் குழு மறுபடியும் கூடுகிறது. பட்டறையில் கழித்துப்போட்ட சட்டம் ஒன்றுடன் சகோதரரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.