எக்ஸெல்லில் தனுஷ்கோடி வரை

போன ஆனி மாசம் ஆறு நாள் நான் ஊர்ல இல்ல. எங்க வீட்டு டிவிஎஸ் எக்ஸெல்லை எடுத்துக்கிட்டு தாராபுரத்துல இருந்து கன்னியாகுமரி போய், அங்கிருந்து கடலோரமாவே தனுஷ்கோடி போய்த் திரும்பினேன். தனியா. மீட்டர்ல 1,064 கிலோமீட்டர் காட்டுச்சு.

எனக்கு வயசு 48. இருபத்திரெண்டு வருஷமா எக்ஸெல் ஓட்டறேன். முதல்ல பழைய எக்ஸெல் சூப்பர், இப்ப எக்ஸெல் 100. முருங்கைக்காய்க் கட்டுகளை முன்னாலயும் பின்னாலயும் கட்டிக்கிட்டு, விடியறதுக்கு முந்தி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போவேன். காயை இறக்கி, கமிஷன் போக காசை வாங்கிக்கிட்டு வண்டியைத் திருப்பிடுவேன். அந்த ரோடு அதோட முடியறதில்ல, திண்டுக்கல், மதுரைன்னு அது பாட்டுக்குப் போகுது. நான்தான் 22 வருஷமா அதே இடத்துல திரும்பறேன். ஒரு தடவை திரும்பாம போய்ப் பார்க்கணும்னு தோணுச்சு. காரணம் அவ்வளவுதான்.

இந்தக் காரணத்தை ஊர்ல சொல்ல முடியுமா? ஆனிக் காத்துல முருங்கைப் பூவெல்லாம் கொட்டிப் போயிருந்துச்சு. காய் இல்ல, தோட்டத்துல பெரிய வேலையும் இல்ல. வீட்டுக்காரர் மட்டும், "போறதுன்னா இப்பப் போயிட்டு வா"ன்னார். மாமியார்கிட்ட "திருச்செந்தூருக்கு வேண்டுதல்ங்க அத்தை"ன்னு சொன்னேன். "அதுக்குப் பஸ்ஸு இல்லையா? பொம்பள தனியா வண்டியில போவாளாக்கும்?"னாங்க. வண்டியில வர்றதாத்தான் வேண்டிக்கிட்டேன்னு அடிச்சு விட்டேன். சாமி பேரைச் சொன்னா அதுக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்க.

இனி கட்டின சாமானைச் சொல்றேன். ரைடிங் ஜாக்கெட், முழங்கால் கவசம், சைடுல மாட்டற பெட்டின்னு என்னென்னமோ இருக்காம். என் மகன் போன்ல காட்டினான். விலையைப் பார்த்துட்டு போனைத் திருப்பிக் கொடுத்துட்டேன். இருக்கறதை வச்சுத்தான் கிளம்பினேன்.

துணிக்கு ரெண்டு யூரியா சாக்கு. நல்லா அலசிக் காயவச்சு, உள்ள ஒரு பிளாஸ்டிக் பையைப் போட்டு வாயைக் கட்டினா மழைத்தண்ணி இறங்காது. சாக்கைக் கட்ட பழைய சைக்கிள் ட்யூபை நீளமா வகுந்த வார். கயிறு போகப் போகத் தளரும். ட்யூப் வார் இழுத்துப் பிடிச்சுக்கிட்டே இருக்கும். போட்டுக்க சுடிதார், அதுக்கு மேல வீட்டுக்காரரோட முழுக்கை சட்டை. காட்டு வேலைக்குச் சேலை மேல ஆம்பளைச் சட்டை போடறதுதான் எங்க வழக்கம், வெயிலுக்கும் சொணைக்கும் நல்லது. துப்பட்டா வேண்டவே வேண்டாம். சக்கரத்துல சுத்திக்கிட்டா உயிருக்கே ஆபத்து. காலுக்கு கேன்வாஸ் ஷூ. தலைக்கு முகம் மூடற ஐஎஸ்ஐ ஹெல்மெட், இது ஒண்ணை மட்டும் புதுசா வாங்கினேன்.

கருவிப் பையில ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர், ஒரு ஸ்பார்க் பிளக், டயர் நெம்பற லிவர் ரெண்டு, பஞ்சர் ஒட்டற சொல்யூஷன், பேட்ச், உப்புத்தாள், சைக்கிளுக்குக் காத்தடிக்கிற பம்பு. எக்ஸெல்லுக்கு ட்யூப் டயர். பஞ்சர் ஒட்டத் தெரிஞ்சா பாதி பயம் போயிடும். பெட்ரோல் டேங்க் 4 லிட்டர்தான் பிடிக்கும். அதனால நூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவை ரொப்பிக்கிட்டேன். பங்க்ல நிறுத்தினா இன்னொரு வேலையும் முடியும். ரோட்டோரம் ஒதுங்க ஆம்பளைங்க யோசிக்க வேண்டியதில்ல, நமக்கு அப்படி முடியாது. ஆனா அதுக்குப் பயந்து தண்ணி குடிக்காம ஓட்டாதீங்க. முதல் நாள் நான் அப்படிச் செஞ்சு, மதுரை தாண்டறதுக்குள்ள தலை சுத்திப் போச்சு.

கடைசியா ஒரு சாமான். வீட்டுக்காரர் தன்னோட ஹெல்மெட்டைக் கொண்டு வந்து பின் கேரியர்ல தொங்க விட்டார். "யாராச்சும் கேட்டா, வீட்டுக்காரர் பின்னால வர்றார்னு சொல்லு. ரெண்டு ஹெல்மெட்டைப் பார்த்தா நம்புவாங்க"ன்னார். எனக்கும் நல்ல யோசனையாத்தான் பட்டுச்சு.

காலைல நாலரைக்குக் கிளம்பி, விடியும்போது ஒட்டன்சத்திரத்தைத் தாண்டினேன். திரும்ப வேண்டிய இடத்துல கை தானா பிரேக்கைப் பிடிச்சுது. விட்டுட்டு நேரா போனேன்.

எக்ஸெல்லை 45-க்கு மேல முறுக்கினா ரொம்ப நேரம் தாங்காது, நம்ம இடுப்பும் தாங்காது. நாலு வழிச் சாலையில இடது ஓரக் கோட்டை ஒட்டியே போனேன். லாரி தாண்டும்போது காத்து முதல்ல வெளியே தள்ளும், அடுத்த நொடி உள்ள இழுக்கும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காம, உறுதியா மட்டும் பிடிச்சா வண்டி தானா நிமிர்ந்துக்கும். முருங்கைக் கட்டோட ஓட்டிப் பழகினது அங்க உதவுச்சு.

ராத்திரி கோவில்பட்டியில தங்கல். ஒரு லாட்ஜ்ல "கூட யாரும்மா?"ன்னாங்க. பின்னால வர்றார்னேன். "அப்ப அவர் வந்ததும் ரூம் போட்டுக்கலாம்"னு சொல்லிட்டாங்க. அங்கயே அந்தப் பொய் என்னைக் காலை வாரி விட்டுச்சு. ஆனாலும் எனக்கு உறைக்கல. அடுத்த லாட்ஜ்ல ஆதாரைக் காட்டி, வீட்டுக்காரர்கிட்ட போன்ல பேச விட்ட பிறகு சாவி கொடுத்தாங்க. கதவுக்குத் தாழ் போட்டு, நாற்காலியை முட்டுக் கொடுத்துத்தான் படுத்தேன்.

மறுநாள் திருநெல்வேலி தாண்டி, காவல்கிணறு பக்கம் போகும்போது காத்தாலைகள் கூட்டமா தெரிஞ்சுது. எங்க ஊர்லயும் காத்தாலை உண்டு. எங்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து. அங்க ஆரல்வாய்மொழிக் கணவாய். ஒரே தென்மேற்குப் பருவக்காத்துதான், ஆனா அங்க இடிக்கிற இடி வேற. பக்கவாட்டுல அடிச்ச அடியில வண்டி ரோட்டுல ஒரு முழம் நகர்ந்து போச்சு. பின்னால தொங்கின ஹெல்மெட் காத்துல ஆடி ஆடி வண்டியையே திருகுச்சு. ஓரமா நிறுத்தி, பின்னால இருந்த சாக்கை எடுத்து முன்னால கால் வைக்கிற இடத்துல கிடத்தினேன். பாரம் தாழ இருந்தா வண்டி நிலையா நிக்கும். ஹெல்மெட்டையும் சாக்குக்குள்ள திணிச்சுட்டேன். கன்னியாகுமரியில கடலைப் பார்த்துட்டு, மறுபடியும் எடுத்து வெளியே மாட்டினேன். அது இல்லாம போக இன்னும் தைரியம் வரல.

மூணாம் நாள் உவரி வழியா திருச்செந்தூர். அந்தப் பக்கத்துத் தேரியைப் பார்க்காத விவசாயி கட்டாயம் போய்ப் பார்க்கணும். கண்ணுக்கு எட்டின வரைக்கும் செக்கச் செவேல்னு மணல். அதுல பனையும் முந்திரியும். அந்த வட்டாரத்துல முருங்கையும் நிறைய. நம்ம மண்ணுல தண்ணி கட்டிக் கட்டி வளர்க்கற மரம், அந்த மணல்ல நிக்கறதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் வெக்கமா இருந்துச்சு.

ரோட்டோரத்துல ஒரு அக்கா பதநீர் வச்சிருந்தாங்க. "ஒத்தைலயா வந்தீய?"ன்னாங்க. வழக்கம்போல, "இல்லைங்க, அவர் பின்னால வர்றார்"னேன். உடனே, "அப்ப அண்ணாச்சிக்கும் எடுத்து வைக்கேன்"னு இருந்ததுல ஒரு செம்பு தனியா எடுத்து மூடி வச்சாங்க. அன்னைக்கு இருந்த கடைசிப் பதநீர் அது. அடுத்து வந்த ரெண்டு பேரை இல்லைன்னு திருப்பி அனுப்பினாங்க. அரை மணி நேரம் அங்கயே உக்காந்திருந்தேன். அப்புறம் போன் வந்த மாதிரி பேசி, "அவர் வேற வழியில போயிட்டாராம்"னு சொல்லி, அந்தச் செம்பையும் நானே குடிச்சு, ரெண்டு பேருக்கும் காசு கொடுத்துட்டு எந்திரிச்சேன். வயிறு நெறஞ்சுது, மனசுதான் சரியில்ல. கோயில்ல முருகன்கிட்ட, உன் பேரைச் சொல்லிப் பொய் சொல்லிட்டேன்னு மன்னிப்புக் கேட்டுக்கிட்டேன்.

நாலாம் நாள் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதறேன்.

தூத்துக்குடி உப்பளத்துல வேலை செய்யற பொம்பளைங்களோட பேசிக்கிட்டு இருந்ததுல நேரம் போயிடுச்சு. கிழக்குக் கடற்கரைச் சாலையில வேம்பார், சாயல்குடி தாண்டும்போதே வெயில் இறங்கிருச்சு. ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலங்காடு. ஏர்வாடி இன்னும் தூரம். சாலையை விட்டு கொஞ்சம் இறங்கி நிறுத்தித் தண்ணி குடிச்சுட்டுக் கிளம்பினேன். முன் சக்கரம் ஆட்டம் போட்டுது. பார்த்தா, கருவேல முள்.

கருவிப் பையை அவிழ்க்கலாம்னு குனியும்போது ஒரு பைக் வந்து நின்னுச்சு. ரெண்டு பையன்கள், இருபத்தஞ்சு வயசு இருக்கும். பின்னால காலி மீன் பெட்டி. "என்னக்கா, பஞ்சரா? தனியாவா வந்தீங்க?"

"இல்லப்பா. வீட்டுக்காரர் பின்னால வர்றார். சாமானெல்லாம் அவர்கிட்டதான் இருக்கு. நீங்க போங்க."

"பொம்பள ஆளை இந்தக் காட்டுல விட்டுட்டு எப்பிடிக்கா போறது? அண்ணன் வர்ற வரைக்கும் நிக்கிறோம்."

நின்னுட்டாங்க. நான் எப்படிக் கருவியை எடுப்பேன்? அவர்கிட்ட இருக்குன்னு சொல்லிட்டேனே. பத்து நிமிஷம், இருபது நிமிஷம் போச்சு. வெளிச்சம் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. தனியா இருந்திருந்தா அதுக்குள்ள ஒட்டி முடிச்சு ஏர்வாடி போய்ச் சேர்ந்திருப்பேன். என்னைக் காப்பாத்தற பொய்னு நினைச்சது, அந்த ரோட்டுல இருட்டற வரைக்கும் என்னைக் கட்டிப் போட்டுருச்சு. அவங்க நல்லவங்களா இல்லையான்னும் தெரியல. உள்ளங்கை வேர்த்து ஊத்துச்சு.

"போன் போட்டுப் பாருங்கக்கா"ன்னான் ஒருத்தன். வேற வழியில்லாம போட்டேன். எங்க வீட்டுக்காரருக்கு போன்ல மெதுவாப் பேச வராது. "தோட்டத்துல மோட்டார் போட்டுட்டு நிக்கறேன், சொல்லு! எந்த ஊர்ல இருக்கற?"ன்னார். அது கருவேலங்காடு முழுக்கக் கேட்டுச்சு.

பையன்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. கொஞ்ச நேரம் யாரும் பேசல. அந்தக் கொஞ்ச நேரம் இருக்கே, அதை என்னால இன்னும் மறக்க முடியல. அப்புறம் பெரியவன் மெதுவா, "தனியாத்தான் வந்தீங்களாக்கா?"ன்னான்.

"ஆமாப்பா. தனியாத்தான்."

அந்த நாலு நாள்ல முதல் தடவையா அதைச் சொன்னேன். பையை அவிழ்த்து லிவரை எடுத்தேன். சக்கரத்தைக் கழட்டாமயே ஒரு பக்கம் டயரை நெம்பி ட்யூபை உருவினேன். ஒருத்தன் போன் லைட்டைப் பிடிச்சான். இன்னொருத்தன், "குடுங்கக்கா, நான் செய்றேன்"னு லிவரை வாங்கி, ட்யூபையும் சேர்த்து நெம்பப் பார்த்தான். திருப்பி வாங்கிக்கிட்டேன். ட்யூபுக்குக் கொஞ்சம் காத்தடிச்சு, பாட்டில் தண்ணியைத் தடவி ஓட்டையைக் கண்டுபிடிச்சேன். துணியைச் சுத்தின விரலால டயருக்குள்ள தடவி முள்ளையும் பிடுங்கினேன். அதைப் பிடுங்காம ட்யூபை மாட்டினா பத்தடியில மறுபடியும் பஞ்சர்தான். உப்புத்தாள் தேய்ச்சு, சொல்யூஷன் தடவி, அது காயற வரைக்கும் பொறுத்திருந்து பேட்ச் ஒட்டினேன். பம்பு அடிக்கிறதை மட்டும் அவங்க ரெண்டு பேரும் மாறி மாறிச் செஞ்சாங்க. "இவ்வளவு தெரிஞ்சு வச்சுக்கிட்டு ஏங்க்கா சும்மா உக்காந்திருந்தீங்க?"ன்னு கேட்டான் சின்னவன். நான் என்ன சொல்ல?

கீழக்கரை வரைக்கும் பின்னாலயே வந்து வெளிச்சம் காட்டினாங்க. ரெண்டு பேர் தலையிலயும் ஹெல்மெட் இல்ல. என்கிட்ட இருந்த ரெண்டாவதைக் கழட்டி ஓட்டறவன்கிட்ட கொடுத்தேன். "அண்ணனுக்கு?"ன்னான். "அவர் தோட்டத்துல மோட்டார் போட்டுட்டு நிக்கறார், அங்க வேண்டியதில்ல"ன்னேன். சிரிச்சுக்கிட்டே மாட்டிக்கிட்டான்.

அந்தப் பையன்கள் வேற மாதிரி இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் யோசிக்காம இல்ல. உண்மையைச் சொன்னா எல்லாம் நல்லா நடக்கும்னு உங்க வீட்டுப் பொண்ணுங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். இருட்டறதுக்கு முந்தி ஊர் போய்ச் சேராதது என் தப்பு. ஆனா ஒண்ணு தெரிஞ்சுது. இல்லாத ஆளை நம்பி நின்னதுல, கையில இருந்த கருவியை எடுக்காம விட்டேன்.

அஞ்சாம் நாள் பாம்பன் பாலம் தாண்டி தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயல்ல அழிஞ்ச ஊரு. சர்ச்சும் ஸ்டேஷனும் சுவரா நிக்குது. அரிச்சல்முனை வரைக்கும் ரோடு 2017-ல திறந்தது. அதுக்கு மேல ரோடு இல்ல, கடல்தான். அங்க சங்கு, பாசி விக்கிற ஒரு அம்மா, "கூட யாரும் வரலையா?"ன்னாங்க. "இல்லைங்க, நான் மட்டும்தான்"னேன். "நல்லதும்மா. நிழல்ல உக்காரு"ன்னாங்க. அவ்வளவுதான்.

மதுரையில சொந்தக்காரங்க வீட்டுல ஒரு ராத்திரி தங்கி, ஆறாம் நாள் வீடு. பெட்ரோல் மொத்தம் 19 லிட்டர், ரெண்டாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் கம்மி. பஞ்சர் ஒண்ணு. இடுப்பு வலி நாலு நாள். வண்டியைப் பார்த்ததும் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, "என் ஹெல்மெட் எங்க?" சொன்னேன். ரொம்ப நேரம் சிரிச்சார். அப்புறம் சிரிப்பு நின்னு, "பயந்துட்டியா?"ன்னார். ஆமான்னேன்.

மாமியார்கிட்டயும் வேண்டுதல் கதை பொய்யின்னு சொல்லிட்டேன். ரெண்டு நாள் பேசல. மூணாம் நாள், "கடலு பக்கத்துல நின்னா சத்தம் பெருசாவா இருக்கும்?"னு கேட்டாங்க. வருஷம் 75 ஆகுது, அவங்க கடல் பார்த்ததில்ல. தை மாசம் அறுப்பு முடியட்டும்னு இருக்கேன். அதுக்குள்ள ஹெல்மெட் இன்னொண்ணு வாங்கணும்.