எழுவானும் படுவானும் – 4: பாதை மிதக்கும் ஊர்

“பாதை வரட்டும் மச்சான், மறுகா போவம்” என்று மோட்டார் சைக்கிளை நிறுத்தினான் நண்பன். நாங்கள் நின்றதே பாதையில்தானே என்று கீழே பார்த்தேன். தார் முடிந்து மணல், மணல் முடிந்து தண்ணீர். இதற்கு மேல் எங்கிருந்து பாதை வரும்?

வாவிக்கு நடுவிலிருந்து வந்தது. ஓர் இரும்புத் தட்டு, அதன்மேல் ஏழெட்டு மோட்டார் சைக்கிள்கள், இரண்டு சைக்கிள்கள், வெள்ளைச் சீருடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், தலையில் துவாயைச் சுற்றிய ஒரு பெரியவர். கடகடவென்ற இயந்திரச் சத்தத்தோடு அது எங்களை நோக்கி ஊர்ந்து வந்தது. மட்டக்களப்பில் வாவியைக் கடக்கும் மிதவைக்குப் பாதை என்றுதான் பெயர். ‘மறுகா’ என்றால் ‘பிறகு’. யாழ்ப்பாணத்துக் காதோடு வந்தவனுக்கு ஒரே வசனத்தில் இரண்டு பாடம்.

சென்ற வாரம் கல்லடிப் பாலத்தில் நின்று, 1924இல் கட்டிய பழைய பாலத்தின் கீழே மீன் பாடுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். இந்த வாரம் மலைக்குப் போகிறோம். மட்டக்களப்பில் மலையா என்று சிரிக்காதீர்கள். கல்முனை வீதியால் பஸ்ஸில் போகிறவர் கண்ணுக்கு இது தென்னையும் மணலும் தண்ணீருமான தட்டை நிலம்தான். மலை பார்க்க வேண்டுமானால் மேற்கே திரும்ப வேண்டும், திரும்பினால் வாவி குறுக்கே கிடக்கும். அதனால்தான் பயணத்தைக் குருக்கள்மடத்துத் துறையிலிருந்து தொடங்கினோம். இங்கிருந்து அம்பிலாந்துறைக்கு, அங்கிருந்து கொக்கட்டிச்சோலை, அதற்கப்பால் தாந்தாமலை. பின்னேரம் திரும்பிவிடலாம் என்பது நண்பனின் கணக்கு.

புறப்படும்போது அவனுடைய தாயார் வாசலுக்கு வந்தார். நானும் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவேன். “மகன், அங்கால போறதெண்டா ஒரு சட்டி தயிர் வாங்கிட்டு வாங்க. நல்ல எருமைத் தயிர் அங்காலதான்” என்றார்.

இந்த ‘அங்கால’தான் மட்டக்களப்பின் பூகோளம். வாவி வடக்கு தெற்காக 56 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடையே உள்ள ஒடுங்கிய மணல்திட்டு எழுவான்கரை, சூரியன் எழுகிற பக்கம். வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடும் பாறையுமாக விரிவது படுவான்கரை, சூரியன் படுகிற பக்கம். ஊர்களும் சந்தையும் பெரிய பாடசாலைகளும் கூடுதலாக எழுவானில். வெள்ளாமையும் மாட்டுப்பட்டியும் படுவானில். ஒரு குடும்பத்துக்கு வீடு இங்கேயும் வயல் அங்கேயுமாக இருப்பது சாதாரணம். நடுவில் இந்த இரும்புத் தட்டு.

எழுவான்கரைக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் என்பது அழகு மட்டுமில்லை. 1978 நவம்பர் 23 சூறாவளி தென்னைகளை வரிசை வரிசையாகச் சாய்த்ததை இங்குள்ள முதியவர்கள் நேற்று நடந்ததுபோலச் சொல்கிறார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் ஏறி வந்தபோது வீதியைக் கடந்து வாவிப் பக்கம் ஓடியவர்கள் பலர்.

ஊர்ப் பெயரைக் கவனியுங்கள். குருக்கள்மடம். தெற்கே சற்றுத் தள்ளி ஓந்தாச்சிமடம். வடக்கிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்துபோகிறவர்கள் இந்தக் கரையோரத்தால்தான் போவார்கள். மடங்கள் யாருக்காக இருந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. அன்று காலையிலும் சந்தியில் ஒரு கூட்டத்தைக் கண்டோம். காவி வேட்டி, தோளில் மூட்டை, முன்னால் போனவர் கையில் வேல், பாதங்களில் தூசி. ஒரு வீட்டார் அவர்களை மறித்துத் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மடம் இல்லாமல் போனாலும் வேலை நடக்கிறது.

இந்த ஊரின் பெயரைக் காத்தான்குடியில் சொன்னால் முகங்கள் மாறும். 1990 ஜூலையில் இந்த வீதியால் ஊர் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம் பயணிகளைக் குருக்கள்மடத்தில் வைத்து விடுதலைப் புலிகள் கடத்திக் கொன்றார்கள். ஹஜ் கடமை முடித்து வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். புதைத்த இடத்தைத் தோண்டி எங்கள் ஆட்களைத் தாருங்கள் என்று குடும்பங்கள் ஆண்டுக்கணக்காகக் கேட்டு வருகின்றன. வழிப்போக்கருக்கு மடம் கட்டியவர்களின் பெயரைத் தாங்கிய ஊரில் இது நடந்தது. பயணக் கட்டுரையில் இது எதற்கு என்று கேட்பீர்கள். அந்த வீதியால்தானே நானும் வந்தேன்.

பாதை தட்டுத்தடுமாறிக் கரையில் முட்டியது. இறங்க வேண்டியவர்கள் இறங்கினார்கள், நாங்கள் ஏறினோம். கச்சான் காற்றுக் காலம். மேற்கிலிருந்து உலர்ந்த வெக்கை முகத்தில் அடித்தது. மழை இல்லாத இந்த மாதங்களில் முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கும், வாவி தாழ்ந்து அமைதியாகிவிடும். மாரியில் வெள்ளம் ஏறி வயல்கள் மூழ்கத் தொடங்கினால் முகத்துவாரத்தை வெட்டிவிடச் சொல்லி விவசாயிகள் குரல் எழுப்புவார்கள். வெட்டினால் இறால் கடலுக்குப் போய்விடும் என்பது மீனவர் கவலை. ஒரே தண்ணீர், இரண்டு வயிறு.

கண்டல் மரங்களின் ஓரமாக இடுப்பளவு நீரில் இரண்டு பெண்கள் அத்தாங்கோடு நின்றார்கள். வலையை அடியோடு அணைத்து இழுத்து, தூக்கி, சேற்றைக் கழுவி, துள்ளுகிற இறாலை விரலால் பொறுக்கி இடுப்பில் கட்டிய பறிக்குள் போட்டார்கள். மறுபடியும் இழுப்பு. எங்கள் மிதவை எழுப்பிய அலை அவர்கள் மார்பு வரை ஏறி இறங்கியது. நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நீர்க்காகம் ஒன்று மட்டும் கம்பில் இருந்து சிறகை விரித்துக் காயப்போட்டபடி எங்களைப் பார்த்தது.

அம்பிலாந்துறையில் கரையேறியதும் காற்றின் மணம் மாறியது. உப்பு போய்ச் சாணமும் சேறும் வைக்கோலும். கொக்கட்டிச்சோலைக்குப் போகும் வீதியின் இருபுறமும் வட்டை விரிகிறது. வயல்வெளியை இங்கே வட்டை என்பார்கள். நடுவே ஓலை வேய்ந்த வாடி. சிறுபோகம் பால் பிடிக்கும் பருவம்.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயில் கிழக்கின் திருப்படைக் கோயில்களில் ஒன்று. திடகன் என்ற வேடன் தேன் எடுக்கக் கொக்கட்டி மரத்தை வெட்டினான், வெட்டிய இடத்தில் இரத்தம் கசிந்தது, அங்கே லிங்கம் இருந்தது என்பது ஊர்க்கதை. கோயிலின் கதையை உலகநாச்சி என்ற அரசியோடு சேர்த்துச் சொல்லும் ‘மட்டக்களப்பு மான்மியம்’ என்ற பழைய ஏட்டை எஃப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்து 1962இல் வெளியிட்டார். அதைச் சரித்திரம் என்று அப்படியே எடுக்க முடியாது. ஆனால் எந்தக் குடிக்கு எந்தக் கோயிலில் என்ன உரிமை என்ற வழக்கு இன்றும் அந்த ஏட்டின் மொழியில்தான் நடக்கிறது.

எனக்குப் பிடித்தது கல் நந்திதான். கோயிலை இடிக்க வந்த போர்த்துக்கேயத் தளபதி, இந்த மாடு புல் தின்னுமா என்று ஏளனமாகக் கேட்டானாம். நந்தி எழுந்து புல்லைத் தின்று சாணமும் போட்டதாம். தளபதி ஓடிவிட்டான். சாணம் போட்டது என்கிற அந்தக் கடைசிச் சேர்க்கை, மாட்டோடு வாழ்கிற ஊரின் கைவண்ணம். வேறு ஊராக இருந்தால் நந்தியை நெருப்புக் கக்க வைத்திருப்பார்கள். எண்ணெய் ஊறிக் கறுத்த அதன் முகத்தின் முன்னால் யாரோ ஒரு பிடி பச்சைப் புல்லை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். புல் இன்னும் வாடவில்லை.

பக்கத்தில் மகிழடித்தீவில் நினைவுத்தூபி இருக்கிறது. 1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் இந்தப் பகுதியில் அரச படையினர் தமிழ்ப் பொதுமக்களைக் கொன்றார்கள். காலையில் எழுவானில் ஒரு கணக்கு, நண்பகலுக்கு முன் படுவானில் ஒரு கணக்கு. ஒன்றைக் கொண்டு மற்றதைக் கழிக்க முடியாது. நண்பன் தொப்பியைக் கழற்றினான். நானும் கழற்றினேன். பேசாமல் புறப்பட்டோம்.

தென்மேற்கே போகப் போக வீடுகள் குறைந்தன. காவல் பரண்கள் தெரிந்தன. வீதியோரத்தில் உருண்டை உருண்டையாக யானை லத்தி, சிலது ஈரம். “ராவு வந்திருக்கு” என்றான் நண்பன். பயிர் முற்ற முற்ற யானையும் நெருங்கும். விடியும் வரை பரணில் விழித்திருந்து வெடி போடுவதும் வெள்ளாமைச் செலவில் ஒன்று.

தாந்தாமலை சட்டென்று வந்தது. காட்டுக்கு மேலே சாம்பல் நிறப் பாறை, குப்புறப் படுத்த யானை முதுகு மாதிரி. அடிவாரத்தில் முருகன் கோயில். ஆடித் திருவிழாவுக்கு எழுவானிலிருந்து ஊர் ஊராகத் திரண்டு வருவார்கள். அதற்கான கொட்டில்களுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள்.

செருப்பைக் கழற்றிவிட்டுப் பாறையில் கால் வைத்தேன். நண்பகல் பன்னிரண்டு. தோசைக்கல். பாசி காய்ந்து கறுத்த இடத்தில் சூடு குறைவு என்பதை மூன்றாவது அடியில் கண்டுபிடித்து, கறுப்பிலிருந்து கறுப்புக்குத் தாவித் தாவி ஏறினேன். என்னைக் கடந்து ஒரு கிழவி நிதானமாக நடந்து போனார். “ஓடினாத்தான் சுடும் மகன், ஆறுதலா வாங்க” என்றார். அவர் சொன்னதுபோல நடந்து பார்த்தேன். சுட்டது. ஆனால் ஓடவில்லை.

மேலே பாறைக் குழிகளில் மழைநீர் வற்றாமல் கிடந்தது. ஒரு குழியில் அல்லி இலை. பழைய செங்கல் துண்டுகள் காலில் தட்டுப்பட்டன. இன்றைய செங்கல்லைவிட அகலம், கையில் எடுத்தால் பாரம். இந்தச் செங்கல்லை அடுக்கியவர் எந்தச் சாமியைக் கும்பிட்டார் என்று கிழக்கில் இப்போது பெரிய வழக்குகள் நடக்கின்றன. எடுத்த துண்டை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

கிழக்கே பார்த்தால் முழு மட்டக்களப்பும் விரித்த பாய்போலக் கிடந்தது. காடு, குளம், வட்டை, அதற்கப்பால் வெள்ளிக் கோடாக வாவி, அதற்கப்பால் தென்னை வரிசை. இங்கிருந்து பார்க்கையில் எழுவான்கரை ஒரு நூல். அந்த நூலில்தான் காலையில் அவ்வளவு மனிதர்களைக் கண்டோம். வடமேற்கே குடும்பிமலை இருக்கும் திசையை நண்பன் கைகாட்டினான். 534 மீட்டர் உயரம், உச்சியில் முடிந்த குடுமிபோல ஒரு பாறை. எனக்குத் தெரிந்தது வெக்கைப் புகார் மட்டும்தான்.

இறங்கி வந்தால் பின் டயரில் ஆணி. ஒட்டுகிற கடை வரை உருட்டினோம். ஒட்டி முடித்து, ஒரு பட்டிக்காரர் வீட்டில் தயிர்ச் சட்டியை வாங்கி, பேப்பர் சுற்றிக் கயிற்றால் கட்டி என் மடியில் வைத்துக்கொண்டு அம்பிலாந்துறைக்கு வந்தபோது வாவி சிவந்திருந்தது. சூரியன் நாங்கள் ஏறிய திசையில் பட்டுக்கொண்டிருந்தது. கடைசிப் பாதை போய்விட்டது. அக்கரையில் குருக்கள்மடத்து விளக்குகள், கூப்பிட்டால் கேட்கும் தூரம்போல.

வேறு வழியில்லை. வடக்கே ஓடி மண்முனைப் பாலத்தால் கடந்தோம். ஜப்பான் உதவியோடு கட்டி 2014இல் திறந்த பாலம். அதற்கு முன் அங்கேயும் பாதைதான். கர்ப்பிணியோ பாம்பு கடித்தவரோ நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய ஊருக்குப் பாலம் எவ்வளவு பெரிய காரியம் என்பது எனக்குத் தெரியும். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, வாவி பின்னால் போய்விட்டது. அத்தாங்கும் நீர்க்காகமும் கண்ணில் படவேயில்லை. கல்முனை வீதியில் ஏறித் தெற்கே திரும்பிக் குருக்கள்மடம் வந்து சேர்ந்தோம்.

அம்மா சட்டியை வாங்கி, பேப்பரை விலக்கிப் பார்த்தார். கத்தியால் வெட்டுகிற மாதிரி உறைந்திருந்த தயிர் உடைந்து தண்ணீர் விட்டிருந்தது.

“பாலத்தாலயா மகன் வந்தீங்க?”

“ஓம் அம்மா. எப்படித் தெரியும்?”

“பாதையில வந்தா தயிர் கலங்காது.”

(அடுத்த வாரம்: குடும்பிமலை)