கலசப்பாக்கம்: தறியோசையும் கைப்பேசியொலியும்

ஆரணிப் பேருந்து நிலையத்தில், போளூர் வழியாகச் செல்லும் பேருந்தொன்றில் ஏறி அமர்ந்தோம். ஐப்பசி மாதத்துக் காலை. இரவு பெய்த மழையின் ஈரம் சன்னல் கம்பிகளில் இன்னும் உலரவில்லை. ஆரணிப் பட்டைப் பற்றி எழுதியோர் பலர். அப்பட்டின் வட்டாரத்தைச் சேர்ந்த கலசப்பாக்கத்தை ஒருமுறை நிதானமாகக் காண வேண்டும் என்பது நமது நெடுநாள் விருப்பம்.

முன்பெல்லாம் பேருந்தில் ஏறினால், இறங்குவதற்குள் பக்கத்திலிருப்பவர் உறவினராகிவிடுவார். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், நெல் என்ன விலை போயிற்று என்று பேச்சு வளரும். இம்முறை நம்மருகே அமர்ந்த இளைஞர் போளூர் வரும்வரை கைப்பேசியிலிருந்து தலை நிமிரவில்லை. காலம் கெட்டுவிட்டது என்று கட்டுரை எழுத நாமும் மனத்திற்குள் ஆயத்தமானோம்.

அப்போது முன்னிருக்கை மூதாட்டி ஒருவர், கைப்பேசியை முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்துக் கொஞ்சத் தொடங்கினார். திரையில் பொக்கைவாய்ச் சிரிப்புடன் ஒரு பச்சிளங்குழந்தை. பேசி முடித்ததும் திரும்பி, யாரும் கேளாமலே சொன்னார்: "எம் பேரன். குவைத்துல இருக்கான். பொறந்து ஏழு மாசமாச்சு, இன்னும் மடியில போட்டுப் பாக்கல." பேருந்தில் பாதிப்பேர் புன்னகைத்தனர். நாம் ஆயத்தமாக்கிய கட்டுரையை அங்கேயே கைவிட்டோம்.

ஆறும் மலையும்

கலசப்பாக்கம் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு வட்டத்தின் தலைநகர். சவ்வாது மலையில் பிறந்து பாலாற்றில் கலக்கும் செய்யாறு ஊரையொட்டி ஓடுகிறது. ஓடுகிறது என்பது மழை பெய்த நாட்களுக்கே பொருந்தும். ஏனைய மாதங்களில் அது அகன்ற மணற்பரப்பு. தொலைவில் பர்வதமலையின் செங்குத்தான முடி மேகத்திற்குள் மறைந்தும் வெளிப்பட்டும் நிற்கிறது. ரத சப்தமியன்று திருவண்ணாமலைக் கோயிலிலிருந்து சுவாமி இங்கு வந்து ஆற்றில் தீர்த்தவாரி காண்பது நெடுங்கால வழக்கம். அன்று ஆற்றங்கரையில் குவிவோரின் கைகளில் பூவும் பழமும் மட்டுமல்ல, கைப்பேசியும் உயர்ந்திருக்கும் எனத் தேநீர்க் கடைக்காரர் சொன்னார். அக்கடையிலும் கல்லாவுக்கு அருகே கறுப்புவெள்ளைக் கட்டங்கள் அச்சிட்ட அட்டையொன்று தொங்கியது. 2016ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த யூ.பி.ஐ. முறையால், தேநீருக்குரிய சில்லறையும் இன்று கைப்பேசி வழியே கைமாறுகிறது.

தறி வீட்டில்

நண்பர் ஒருவர் நம்மை நெசவாளர் இல்லமொன்றுக்கு அழைத்துச் சென்றார். தாழ்ந்த வாசல், உள்ளே குழித்தறி. மழைக்காலத்தில் குழியில் ஈரமேறும் என்பதால் காலடியில் சாக்கு விரித்திருந்தார்கள். அறுபதைத் தொட்ட அப்பெரியவர் மிதியை மிதிக்க, நாடா இப்புறமும் அப்புறமும் பாய்ந்தது. தலைக்குமேல் ஜக்கார்டுப் பெட்டியில் துளையிட்ட அட்டைகள் ஒவ்வொன்றாய் இறங்கின. அவருடைய துணைவியார் ஓரமாய் அமர்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தார்.

சுவர் மாடத்தில் இருந்த கைப்பேசி ஒலித்தது. பெரியவர் திரும்பியும் பார்க்கவில்லை. அம்மையார் எழுந்து, யார் என்று பார்த்துவிட்டு, மீண்டும் மாடத்திலேயே வைத்தார். நாம் வியப்புடன் நோக்கவே பெரியவர் சிரித்தார். "ரெண்டு கையும் ரெண்டு காலும் வேலையில இருக்குங்கய்யா. நடுவுல எழுந்தா எத்தினியாவது பூ, எத்தினியாவது இழைன்னு மறந்துபூடும். தப்பு விழுந்தா பிரிக்கணும். கூலி பொடவைக்குத் தான், நேரத்துக்கு இல்ல. எந்தப் போனுக்கு எழுப்பணும்னு அவளுக்குத் தெரியும்."

அவருக்குக் கைப்பேசிமேல் வெறுப்பில்லை. நூலும் ஜரிகையும் கொடுத்து நெய்விக்கும் முதலாளி ஆரணியில் இருக்கிறார். பாவு வந்துவிட்டதா, கரைக்கு எந்த நிறம் என்று கேட்க முன்பு பேருந்தேறிப் போகவேண்டும். முதலாளி இல்லையெனில் ஒருநாள் கூலி வீண். இன்று ஓர் அழைப்பில் விடை கிடைக்கிறது. முந்தி நெய்யத் தொடங்கியதும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், மாற்றம் வேண்டுமா எனக் கையோடு தெரிந்துவிடுகிறது.

ஆனால் அனுப்பிய படம் அனுப்பிய இடத்தோடு நிற்பதில்லை. பல நாள் உழைத்து உருவாக்கிய வேலைப்பாடு கைக்குக் கை மாறி, எங்கோ ஒரு விசைத்தறியில் மலிவான நூலில் உருவெடுத்து விடுகிறது என்று வருந்தினார். சில இரகங்களைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கும் சட்டம் 1985ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. தூய பட்டென்பதற்குச் சில்க் மார்க் முத்திரை 2004 முதலும், கைநெசவென்பதற்குக் கைத்தறி முத்திரை 2006 முதலும் வழங்கப்படுகின்றன. திரையில் படம் பார்த்துத் திருமணப் பட்டு வாங்கும் நம் குடும்பங்கள் இம்முத்திரைகளைக் கேட்டு வாங்கினால், அது இத்தகைய தறிகளுக்குச் செய்யும் உதவியாகும்.

செய்தி கையிலிருந்தால் உழைப்பாளிக்கு விலையும் கிடைக்கும் என்பதற்குக் கேரளக் கடற்கரை சான்று. 1997க்கும் 2001க்கும் இடையில் அங்குக் கைப்பேசிக் கோபுரங்கள் எழுந்தன. மத்தி மீன் பிடித்து வந்தோர், எந்தத் துறையில் வாங்குவோர் இருக்கின்றனர் என்று கடலிலிருந்தே விசாரிக்கலாயினர். இராபர்ட் ஜென்சன் என்னும் பொருளியலறிஞர் இதனை ஆராய்ந்து 2007ஆம் ஆண்டு வெளியிட்டார். துறைக்குத் துறை இருந்த விலை வேறுபாடு பெரிதும் குறைந்தது. விற்காமல் மீனைக் கொட்டும் நிலை ஏறக்குறைய மறைந்தது. மீனவர் வருவாய் உயர, வாங்குவோர் கொடுத்த விலையோ தாழ்ந்தது.

மஞ்சள் பலகைக் காலம்

இக்கருவி நம்மிடம் வந்த வழியைச் சற்றே நினைத்துப் பார்ப்போம். சென்னையில் தொலைபேசி நிலையம் 1882இலேயே தொடங்கியது. ஆயினும் சிற்றூர்களுக்கு அது நெடுங்காலம் எட்டாக்கனி. வெளியூருடன் பேச டிரங்கால் பதிந்துவிட்டுக் காத்துக் கிடக்கவேண்டும். நேரடியாக எண் சுழற்றி வெளியூருடன் பேசும் வசதி, 1960இல் கான்பூருக்கும் இலக்னோவுக்கும் இடையே முதன்முதலாக வந்தது. பின்னர் எண்பதுகளின் இறுதியிலிருந்து கடைவீதிதோறும் மஞ்சள் பலகையுடன் எஸ்.டி.டி. கூண்டுகள் தோன்றின. மாற்றுத்திறனாளிகள் பலருக்கு அவை வாழ்வளித்தன. இரவில் கட்டணம் குறையும் நேரம் பார்த்து வரிசையில் நின்றதையும், சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்தபடி பாதிப் பேச்சை விழுங்கியதையும் வாசகர் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

கையில் ஏந்தும் தொலைபேசியில் உலகின் முதல் அழைப்பை 1973 ஏப்ரல் 3 அன்று நியூயார்க் வீதியில் மார்ட்டின் கூப்பர் என்பவர் பேசினார். கருவியின் எடை ஒரு கிலோவுக்கும் மேல். இந்தியாவில் 1995 சூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து முதலமைச்சர் ஜோதிபாசு, தில்லியிலிருந்த நடுவண் அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அந்நாளில் அழைப்பவர், ஏற்பவர் இருவருக்குமே கட்டணம். 2003 மே மாதம் முதல் ஏற்பவருக்குக் கட்டணம் நீங்கியது. ஏழைகள் கைப்பேசி வாங்கத் துணிந்தது அதன் பின்னரே எனலாம். அப்போதும் காசு கரையாமல் சேதி சொல்ல 'மிஸ்டு கால்' என்னும் உபாயத்தை நம் மக்கள் கண்டனர். ஒருமுறை ஒலித்தால் வந்து சேர்ந்தேன், இருமுறை ஒலித்தால் அழைத்துப்போக வா!

2005இல் மலேசியத் தமிழர் முத்து நெடுமாறனின் செல்லினம் மூலம் கைப்பேசியில் தமிழெழுத்தும் நடமாடத் தொடங்கியது. எழுத்தறியாப் பெரியோரும் இன்று குரலைப் பதிந்து அனுப்புகின்றனர். தந்திச் சேவை 2013 சூலையில் விடைபெற்றது. நாட்டில் கைப்பேசி இணைப்புகள் நூறு கோடியைக் கடந்து நெடுநாளாயிற்று.

மகள் பூட்டும் கருவி

"பிள்ளைகள் தறிக்கு வரவில்லையா?" என்று கேட்டோம். அம்மையார் தார் சுற்றுவதை நிறுத்தினார். ஒரே மகள், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தொழிற்சாலையில் வேலை. என்ன செய்கிறாள்? மாடத்தை நோக்கி முகவாயைக் காட்டினார். கைப்பேசிதான் செய்கிறாள்!

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா நிறுவனம் 2006இல் ஆலை திறந்தபோது ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் இளம்பெண்கள், அங்கு வேலை பெற்றனர். 2014 நவம்பர் முதல் நாளில் அவ்வாலையில் உற்பத்தி நின்றபோது, எத்தனையோ இல்லங்களில் அடுப்பு தணிந்தது. பின்னர் வேறு நிறுவனங்கள் வந்தன. இன்று உலகச் சந்தைக்குரிய விலையுயர்ந்த கைப்பேசிகள் அப்பகுதியில் நம் பெண்களின் விரல்களால் பூட்டப்படுகின்றன. 2021 டிசம்பரில், விடுதி உணவால் தோழியர் பலர் நோயுற்றபோது, அப்பெண்கள் இரவில் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்து நியாயம் கேட்டதையும் நாடு கண்டது.

இம்மகள் அனுப்பும் பணத்தில்தான் இவ்வீட்டின் கடன் அடைந்தது. "தெனம் ஒம்பது மணிக்குப் போன் வரும்," என்றார் அம்மையார். "சாப்ட்டியாம்மா என்பேன். சாப்ட்டேம்மா என்பா. அதுக்கு மேல பேச ஒண்ணும் இருக்காது. ஆனா குரல்ல தெரிஞ்சிடும், நல்லா இருக்காளா, அழுதாளான்னு. போன ஆடியில ஒரு நாள் 'ஒண்ணுமில்லம்மா'ன்னா. அந்த 'ஒண்ணுமில்ல' எனக்குச் சரியாப் படல. விடிஞ்சதும் இவரு தறிய அப்படியே விட்டுட்டு பஸ் ஏறிட்டாரு. போயிப் பாத்தா நாலு நாளா ஜொரம். பொடவை எட்டு நாள் தள்ளிப்போச்சு. போவட்டும். போனு சேதி சொல்லும். கஞ்சி வெச்சுக் குடுக்காது."

நாம் சிறிதுநேரம் பேசாதிருந்தோம். மகளைத் தொலைவுக்கு அழைத்துச் சென்றதும் அக்கருவியே. அவள் குரலை இரவுதோறும் வீட்டுக்குக் கொணர்வதும் அக்கருவியே. குரல் கேட்ட பின் புறப்பட்டுப் போவதா வேண்டாமா என்பதை மட்டும் அது தீர்மானிப்பதில்லை; மனிதரே தீர்மானிக்கின்றனர்.

வலையும் விரிந்திருக்கிறது

நன்மையைக் கூறிய நாம் தீமையையும் கூறவேண்டும். 2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடியபோது, பாடத்திற்கென்று பிள்ளைகள் கையில் கைப்பேசியைக் கொடுத்தோம். கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2021இல் அரசு 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கியது, பள்ளிகளும் திறந்தன. கொடுத்த கைப்பேசியோ பல வீடுகளில் இன்னும் பெற்றோர் கைக்குத் திரும்பவில்லை. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளில் பொருளையும் உயிரையும் இழந்தோர் உண்டு. தமிழக அரசின் தடைச்சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தது. நடுவண் அரசும் 2025 ஆகஸ்டில் அத்தகைய விளையாட்டுகளைத் தடைசெய்து சட்டமியற்றியது. எனினும் வீட்டின் கண்காணிப்பின்றிச் சட்டம் மட்டும் காத்துவிடாது.

வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி இரகசிய எண் கேட்போருக்கு அதனைச் சொல்லவே கூடாது. பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை, அனுப்புவதற்கே தேவை. காவலர் உடையில் திரையில் தோன்றி, 'கைது செய்துவிட்டோம், வீட்டைவிட்டு நகராதே' என மிரட்டுவோர் உண்டு. நம் நாட்டுச் சட்டத்தில் அப்படியொரு கைது கிடையாது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்னும் எண்ணில் முறையிடவேண்டும். விரைந்து சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. தனியே வாழும் முதியோருக்கு இளையோர் இதனைப் பொறுமையாகச் சொல்லித் தருதல் நலம்.

மாடத்தில் ஒரு கைப்பேசி

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள், 2019 டிசம்பர் 29 அன்று, திருக்குடும்பத் திருவிழா நாளில், உணவு மேசையில் ஆளுக்கொரு கைப்பேசியுடன் அமர்ந்து ஒருவரோடொருவர் பேசாதிருக்கும் குடும்பங்களைக் குறித்துக் கவலை தெரிவித்து, வீட்டில் மீண்டும் உரையாடத் தொடங்குமாறு வேண்டினார். வேறு சமயத்தைச் சேர்ந்த அந்நெசவாளர் இல்லம், அவ்வுரையைக் கேளாமலே அதனைக் கடைப்பிடிக்கிறது. கைப்பேசிக்கு அங்கே ஓர் இடம் உண்டு, அது மாடம். வேலை நேரத்திலும் உணவு நேரத்திலும் அது அங்கேயே இருக்கும். ஒன்பது மணி அழைப்புக்கு மட்டும் இருவரும் தறியையும் தாரையும் விட்டு அதனருகே வந்து நிற்பர்.

மாலையில் ஆரணிக்குத் திரும்பும் பேருந்தில் நமது கைப்பேசியைத் திறந்தோம். சேத்துப்பட்டில் நோயுற்றிருக்கும் பழைய நண்பர் ஒருவருக்குக் காலைதோறும் மலர்ப்படத்துடன் வணக்கம் அனுப்புவது நம் வழக்கம். அவரும் தவறாமல் ஒரு கூப்பிய கையைப் பதிலாக அனுப்புவார். எண்ணிப் பார்த்தோம், அவரை நேரில் கண்டு இரண்டாண்டுகள் ஆகிவிட்டன. ஆரணிக்கும் சேத்துப்பட்டுக்கும் நாள்தோறும் பேருந்து ஓடுகிறது.

அடுத்த ஞாயிறு, லூர்து அன்னை ஆலயத்தில் திருப்பலி கண்டபின், அவர் வீட்டுக் கதவைத் தட்டினோம். கதவைத் திறந்தவர் நம்மைக் கண்டு, "என்ன, இன்று வணக்கம் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்," என்றார். கொண்டுபோயிருந்த பழங்களை அவர் கையில் கொடுத்துவிட்டு, இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.