அங்கன்வாடியா, எல்.கே.ஜி.யா, பால்வாடிகாவா?

பெங்களூருக்குப் பொட்டி தட்ட வந்த நம்ம மக்கள் நாலு பேர் கூடினா மூணு புலம்பல் நிச்சயம்: வாடகை, டிராஃபிக், பிரீ-ஸ்கூல் ஃபீஸ் :-) பொண்ணுக்கு மூணு வயசு முடிஞ்சதும், சர்க்கார் நடத்தற இடங்களையும் ஒரு தடவை பாத்துடலாமேன்னு நானும் தங்கமணியும் ரெண்டு நாள் லீவு போட்டுட்டுக் கிளம்பிட்டோம். அதே யோசனையில இருக்கறவங்களுக்கு உதவுமேன்னு எழுதறேன்.

முதல்ல கேந்திரிய வித்யாலயா. 2022-ல சில பள்ளிகள்ல ஆரம்பிச்ச பால்வாடிகா இப்ப நிறைய இடத்துல வந்தாச்சு. ஆனா எல்லா கே.வி.யிலயும் இல்ல. (பேரைக் கேட்டு நம்ம ஊர் பால்வாடின்னு நினைச்சுடாதீங்க!) 3, 4, 5 வயசுக்குன்னு மூணு வகுப்பு. நாளைக்கே புனேவுக்கோ டெல்லிக்கோ மாத்தல் வந்தாலும் பாடத்திட்டம் மாறாது. சிக்கல், அட்மிஷன் வரிசை. மத்திய அரசு ஊழியர் பிள்ளைங்களுக்குத்தான் முதலிடம். தனியார் கம்பெனிக்காரங்க நாம வாலுல நிக்கணும்.

அடுத்து கர்நாடகா பப்ளிக் ஸ்கூல். எல்.கே.ஜி.யில இருந்து 12 வரைக்கும் ஒரே வளாகம். ஒரு தடவை சேத்துட்டா அலைச்சல் மிச்சம். ஆனா எல்.கே.ஜி.க்கு 4 வயசு ஆகணும். நாங்க போனப்போ குழந்தைங்க சத்தமில்லாம ஏ, பி, சி, டி எழுதிட்டிருந்தாங்க.

கடைசியா, ரெண்டு தெரு தள்ளி இருக்கற அங்கன்வாடி. 1975-ல ஆரம்பிச்சு, இப்ப நாடு முழுக்க நடக்கற திட்டம். ஒரே ரூம், ஒரு டீச்சர், ஒரு ஆயா. பால், முட்டை, சாப்பாடு உண்டு. எடை பாத்துக் குறிச்சு வைக்கறாங்க. சர்வே வேலை வந்தா டீச்சர் வெளியே போயிடுவாங்க, அன்னிக்கு ஆயாதான் எல்லாம். 2024-ல இருந்து பெங்களூர்ல சில அங்கன்வாடிகள்ல எல்.கே.ஜி., யு.கே.ஜி.யும் நடக்குது. எங்க தெருவுக்கு அது இன்னும் வரல.

ஆனா டீச்சர் தரையில உக்காந்து, "காலையில என்ன சாப்ட?"ன்னு கன்னடத்துல கேக்க, அத்தனை வாண்டும் ஒரே நேரத்துல பதில் சொல்லுச்சு. எங்க பொண்ணுக்குப் பேச்சுத் துணைக்கு வீட்ல நாங்க ரெண்டே பேர். அவளுக்கு ரைம்ஸை விட அந்தச் சத்தம்தான் தேவைன்னு எனக்குத் தோணுச்சு.

"ஊர்ல கேட்டா என்னன்னு சொல்றது?"ன்னு தங்கமணி இழுத்தாங்க. ஒண்ணாம் வகுப்புக்கு 6 வயசு ஆகணும், இன்னும் மூணு வருஷம் இருக்கு, இங்கிலீஷ் எங்க ஓடிடப் போகுதுன்னு பேசிப் பேசித்தான் சம்மதம் வாங்கினேன். சாயங்காலம் நாங்க ஆபீஸ்ல இருந்து வர்ற வரைக்கும் பாத்துக்க மட்டும் தனியா ஆள் வச்சிருக்கோம்.

நீங்களும் பாக்கப் போனா, பதினோரு மணிக்குச் சொல்லாமப் போங்க. டாய்லெட்ல தண்ணி வருதா, எத்தனை குழந்தைங்க நிஜமா வந்திருக்காங்க, டீச்சர் பேசறாங்களா, பிள்ளைங்க பேசுதான்னு பாருங்க. சுவத்துல இருக்கற பெயிண்ட்டுக்கு மார்க் போடாதீங்க.

இப்போ பொண்ணு கீரைக்காரம்மாகிட்ட கன்னடத்துல பேரம் பேசறா. ஏழு வருஷமா இங்க இருக்கற நான் பக்கத்துல பையோட நிக்கறேன் :-)