காருக்கு ஜாமீன், ஆளுக்குத் துண்டு

சொந்தக் காரில் எல்லை தாண்டி இன்னொரு நாட்டுக்குப் போகிறவர் கையில் பாஸ்போர்ட், விசா, ஆர்.சி. புத்தகம், சர்வதேச ஓட்டுநர் உரிமம் இருக்க வேண்டும். பல நாடுகளில் இது போதாது. 'கார்னெட்' என்று ஒரு புத்தகமும் கேட்பார்கள். அது காருக்கான பாஸ்போர்ட். தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிளியரிங் ஆபீசில் பல வருசம் கணக்கெழுதியவன் நான். அங்கேதான் அந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தேன்.

ஒவ்வொரு தாளும் மூன்று பகுதி. கார் உள்ளே வரும்போது சுங்கத்துறை ஒரு துண்டைக் கிழித்துக்கொள்ளும். வெளியே போகும்போது இன்னொரு துண்டு. அடிக்கட்டை இரண்டு முத்திரையோடு புத்தகத்திலேயே நிற்கும். கார் திரும்பிப் போகாமல் அங்கேயே தங்கிவிட்டால் அதற்கான இறக்குமதி வரிக்குப் புத்தகம் கொடுத்த மோட்டார் சங்கம் பொறுப்பு. அதனால் சங்கம் காரின் மதிப்பைப் பார்த்துச் சொந்தக்காரரிடம் முன்கூட்டியே ஒரு தொகையை ஜாமீனாக வாங்கி வைத்துக்கொள்ளும். போனது திரும்பி வரும் என்பதற்கு இவ்வளவு ஏற்பாடு.

எங்க வீட்டில் துண்டு என்றால் வேறு அர்த்தம்.

என் பூட்டன் ஒட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசல் காட்டில் பண்ணையாள். மழை பொய்த்த ஒரு வருசம் கங்காணி கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு சிலோனுக்குக் கப்பலேறினார். 1914ல் பாம்பன் பாலம் திறக்கும்வரை கொழும்புக்குப் போகிற ரயில் பயணிகளும் தூத்துக்குடி வந்துதான் கப்பல் ஏற வேண்டும். அந்தக் கடல்வழியில் 1906ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதைப் பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்கள், படிக்கட்டும். அதே கடல்வழியில் கூலியாகப் போன பள்ளர், பறையர், சக்கிலியர் சனங்களைப் பற்றி எந்தப் பாடத்தில் இருக்கிறது?

தூத்துக்குடிக்குப் பக்கத்தில் தட்டப்பாறையிலும், பிறகு மண்டபத்திலும் கூலிகளுக்கு முகாம் இருந்தது. தோட்டத்துக்கு ஆள் அனுப்ப 1900களின் தொடக்கத்தில் தகர டிக்கெட் வந்தது. எந்த மாவட்டம், எந்தத் தோட்டம் என்பதற்கான குறியும் எண்ணும் அந்தத் தகட்டில் அடித்திருக்கும். அதைக் காட்டினால் காசு கேட்காமல் கப்பலில் ஏற்றுவார்கள். செலவு தோட்டத்தின் பேரில் எழுதப்பட்டு, கடைசியில் கூலியின் கடனாக வந்து விழும். பூட்டன் கழுத்தில் கிடந்த தகடு கப்பல் ஆடுகிற ஆட்டத்தில் நெஞ்சில் அடித்துக்கொண்டே வந்ததாம். இது தாத்தா சொல்லி அப்பா கேட்டது.

தோட்டத்துக்குப் போன பிறகுதான் துண்டு. ஒரு கங்காணியின் ஆட்கள் இன்னொரு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால் துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். இத்தனை பேர், இவ்வளவு கடன், இதைக் கட்டினால் ஆட்களை விடுவிக்கிறேன் என்று அதில் இருக்கும். கங்காணி அந்தச் சீட்டைத் தூக்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாக விலை பேசுவான். புதுத் துரை கட்டுகிற பணம் ஆட்களின் தலையில் புதுக் கடனாக ஏறும். 1921ல் சட்டம் போட்டுத்தான் இந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள்.

கார்னெட்டையும் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே காருக்காகப் பணத்தை ஈடு வைக்கிறார்கள். இங்கே பணத்துக்காக ஆளை ஈடு வைத்தார்கள். அங்கே வரத்துக்கு ஒரு துண்டு, போக்குக்கு ஒரு துண்டு. எங்க ஆட்களுக்குக் கிடைத்த சீட்டில் எப்போதும் ஒரு பக்கம்தான்.

அந்த மலைக்காட்டைத் தேயிலைக் காடாக்கிய சனங்களிடம் 1948ல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தாள் கேட்டது. அப்பன் இங்கே பிறந்தானா, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா, காட்டு என்றது. லயத்தில் பிறந்த பிள்ளைக்கு யார் பதிவு வைத்தார்கள்? அடுத்த வருசம் வந்த இன்னொரு சட்டத்தின்படி எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக மனு போட்டார்கள். குடியுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. 1964 அக்டோபர் 30ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டு ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974ல் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். அந்தச் சனங்களிடம் யாரும் கேட்கவில்லை.

எழுபதுகளில் அப்பா இந்திய பாஸ்போர்ட்டோடும் ஒரு குடும்ப அட்டையோடும் தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கினார். நான் கைக்குழந்தை. பூட்டன் ஊருக்கே வந்தோம். ஊர் எங்களிடம் எந்தத் தாளும் கேட்கவில்லை. "எந்தத் தெருவுக்கு வந்திருக்க?" என்ற ஒரே கேள்விதான். பதில் சொன்னதும் டீக்கடையில் தனிக் கிளாஸ் வந்துவிட்டது. அப்பா உப்பளத்து வேலைக்குப் போனார்.

நான் பன்னிரண்டாவது முடித்ததும் சாதிச் சான்றிதழுக்கு அலைந்தோம். அந்த ஆபீசில் இருந்தவர் அப்பாவின் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பொறந்த ஊர் பதுளைன்னு போட்டிருக்கு. சாதி எங்கயும் போடலியே. எதை வச்சுய்யா நான் எஸ்.சி.ன்னு எழுதுறது?"

அப்பா நின்றபடியே சொன்னார்: "அய்யா, எங்க ஊரு டீக்கடைக்கு வந்து நான் குடிக்கிற கிளாசைப் பாருங்க. அதுல எழுதியிருக்கு."

ஆறு மாசம் இழுத்தடித்தார்கள். கடைசியில் விசாரணைக்கு ஊருக்கு வந்தார்கள். பழைய பண்ணை வீட்டுப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்தபடி, "இவன் பூட்டன் எங்க காட்டுல பண்ணையாள்தான். எங்க அப்பாருட்ட வாங்குன கடனு இன்னும் நிக்கு" என்றார். அதை எழுதிக்கொண்டு போய்ச் சான்றிதழ் கொடுத்தார்கள். நாலு தலைமுறைக்குப் பிறகும் எங்களை யார் என்று நிரூபித்தது எங்க கடன்தான்.

எனக்காவது கிடைத்தது. அப்பாவின் தங்கை, எங்க அத்தை, 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு வவுனியாப் பக்கம் ஓடியவள். 1990ல் உயிர் பிழைத்தால் போதும் என்று படகேறி வந்தாள். கப்பலில் பாஸ்போர்ட்டோடு வந்த அண்ணன் தாயகம் திரும்பியவர். படகில் வந்த தங்கச்சி அகதி. சட்டத்தின் பேச்சில் 'சட்டவிரோதக் குடியேறி'. எட்டயபுரம் பக்கம் தாப்பாத்தி முகாமில் இருக்கிறாள். 2021ல் முகாம்களின் பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். பெயர் நல்ல பெயர்தான். அவள் பேத்தி இந்த மண்ணில் பிறந்து, இங்கேயே படித்துப் பட்டம் வாங்கிவிட்டாள். 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்தவர்களுக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டுமாம். அதனால் அவளுக்குப் பாஸ்போர்ட் கிடையாது.

2019 ஜூனில் மதுரை உயர்நீதிமன்றக் கிளை இப்படிப்பட்ட மலையக வம்சாவளியினரின் மனுவைக் கேட்டு, அவர்களுடைய குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொன்னது. அதே வருசம் டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்று நாடுதான். இலங்கை இல்லை.

2011ல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பயணிகள் கப்பல் சில மாசம் ஓடி நின்றது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு விட்டார்கள். கப்பல் செய்தி வரும்போதெல்லாம் அத்தை கேட்பாள், "ஏய்யா, போயி எங்க அம்மா பொதைச்ச எடத்தப் பாத்துட்டு வந்துரலாமா?" போகலாம் அத்தை. வெளியேறும் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரேயடியாகப் போகலாம். பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்குத்தான் தாள் இல்லை. இதை அவளிடம் நான் எத்தனை தடவை சொல்வது?

எங்க சனங்களுக்குச் சலுகை எதுவும் வேண்டாம். ஆள் பிடித்துக்கொண்டு போனபோது பெயர், ஊர், சாதி எல்லாம் எழுதி வைத்த அரசாங்கம், வந்தவர்களைத் தன் ஆட்கள் என்று எழுதிக் கொடுக்கட்டும். முகாமில் இருக்கிற மலையகத்து ஆட்களின் குடும்ப வரலாறுகளை அங்கே படிக்கிற பிள்ளைகளே நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி, இந்தியாவில் எந்த ஊர், எந்தத் தெரு. மாணவர்களும் வக்கீல் தோழர்களும் அந்த வேலைக்கு வாருங்கள். கிழவிகள் இருக்கும்போதே கேட்டு எழுத வேண்டும். அத்தைக்கு எண்பது ஆகப்போகிறது.