புளியோதரை மேல் விழுந்த பழி

என் அத்தை புளியோதரையைத் தொடுவதில்லை. கோயில் பிரசாதமாகக் கொடுத்தாலும் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் இருப்பவருக்குத் தந்துவிடுவார். சின்ன வயதில், வாழையிலைப் பொட்டலத்தில் கட்டிய புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு, கொடைக்கானல் மலை ஏறிய பஸ்ஸில் வாந்தி எடுத்த நாளிலிருந்து இப்படித்தான். வயிற்றைப் புரட்டியது மலை வளைவுகள் என்று அவருக்கே தெரியும். பஸ்ஸில் ஒலித்த பாட்டை இன்றும் ரசிக்கிறார். வாழையிலைப் பொட்டலத்துக்கு மட்டும் மன்னிப்பில்லை.

ஏன் புளியோதரை? இதற்கு ஒரு பதிலை ஜான் கார்சியா என்ற ஆய்வாளரின் எலிகளிடம் கண்டேன். 1950களில் அவர் சான்பிரான்சிஸ்கோவில் கதிர்வீச்சு ஆய்வுக்கூடத்தில் இருந்தார். கதிர்வீச்சுப் பட்ட எலிகள், அதற்குமுன் குடித்த இனிப்புத் தண்ணீரை மறுபடி சீண்டவில்லை. 1966இல் அவரும் சக ஆய்வாளர் கெல்லிங்கும் வெளியிட்ட ஆய்வு இன்னும் அழகானது. எலி நக்கும்போதெல்லாம் தண்ணீரில் ருசி இருக்கும். கூடவே விளக்கு மின்னும், சத்தமும் கேட்கும். குமட்டல் வரவழைத்தபோது எலிகள் ருசியை வெறுத்தன. வெளிச்சத்தையும் சத்தத்தையும் பொருட்படுத்தவில்லை. மின்னதிர்ச்சி கொடுத்தபோது நேர்மாறாக, ருசி தப்பித்துக்கொண்டது. வயிறு கெட்டால் வாய்க்குள் போனதைச் சந்தேகி என்று உடம்பு முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறது. இடையில் மணிக்கணக்கு ஓடினாலும் முடிச்சு விழுந்துவிடும். அன்றைய அறிஞர்கள் பலர் இதை நம்ப மறுத்தார்கள்.

கெட்டுப்போன உணவு உடனே வேலையைக் காட்டாது என்பதால், உயிரைக் காக்க இந்த முடிச்சு அவசியம். ஆனால் அது காரணம் கேட்டு விழுவதில்லை; காரணம் புரிந்தாலும் அவிழ்வதில்லை.

இதன் கொடுமை புற்றுநோய் வார்டில் தெரிகிறது. இலீன் பெர்ன்ஸ்டைன் 1978இல் வெளியிட்ட ஆய்வில், கீமோதெரபிக்குச் சற்று முன் புது ருசி ஐஸ்கிரீம் சாப்பிட்ட குழந்தைகள் பிறகு அதை ஒதுக்கினார்கள். அதே பெர்ன்ஸ்டைன்தான் வழியும் கண்டார். சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் நடுவே தூக்கலான ருசியுள்ள ஒரு மிட்டாய் கொடுத்தார்கள். மிட்டாய் பலிகடா ஆனது; சாப்பாட்டின் மேல் வரும் வெறுப்பு குறைந்தது.

உங்கள் வீட்டில் யாராவது கீமோவுக்குப் போகிறார்களா? பாசத்தோடு அவருக்கு மிகப் பிடித்ததைச் சமைத்துக் கொடுத்து அனுப்பாதீர்கள். அந்த வேளைக்கு, இழந்தாலும் வருத்தமில்லாத எதையாவது டாக்டரைக் கேட்டுக் கொடுங்கள். பிடித்ததை, அவர் தேறி வாய்விட்டுக் கேட்கும் நாளில் பரிமாறுங்கள்.