'தா'வும் 'குடு'வும் தெரிஞ்ச ஆக்களுக்கு இங்கிலிஷ் வினைச்சொல்

"தமிழ்ல யோசிக்காதீங்க, இங்கிலிஷ்ல யோசிங்க." கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கம் ஸ்போக்கன் இங்கிலிஷ் கிளாஸுக்குப் போன பலருக்கும் இந்த வசனம் பழக்கம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா யோசிக்கிற அளவுக்கு இங்கிலிஷ் கையில இருந்தா நாங்க ஏன் கிளாஸுக்கு வாறம்?

தரம் 3 இல தொடங்கி தரம் 13 வரைக்கும் 11 வருஷம் இங்கிலிஷ் படிக்கிறோம். அதுக்குப் பிறகும் கெம்பஸில ஒரு கேள்வி கேக்க எழும்ப முன்னாடி, 'பிரிங்'கா 'டேக்'கா, 'பொரோ'வா 'லெண்ட்'டா என்று மனசுக்குள்ள ஒரு பட்டிமன்றம் நடக்குது. தீர்ப்பு வாறதுக்குள்ள விரிவுரையே முடிஞ்சிரும். சிங்கள மாணவர்கள் இங்கிலிஷுக்கு வெச்ச பட்டப்பெயர் 'கடுவ'. வாள் என்று அர்த்தம். அந்த வாள் நம்மள வெட்டுறது பெரிய பெரிய சொற்களால இல்ல, இப்படியான சின்ன வினைச்சொற்களாலதான். நல்லாப் படிக்கிற எத்தனையோ பேர் வாயைத் திறக்காமலே பட்டம் முடிச்சிட்டுப் போறாங்க.

தமிழ்ல யோசிக்கிறது பிரச்சினை இல்ல என்றுதான் நான் நினைக்கிறேன். எந்தத் தமிழ்ல யோசிக்கிறோம் என்கிறதுதான் பிரச்சினை. நாங்க கொப்பியில எழுதி மனப்பாடம் பண்ணினது 'டேக் என்றால் எடு' என்று. ஒரு சொல்லுக்கு ஒரு சொல். ஆனா வீட்டில நாங்க கதைக்கிற தமிழ் இதை விட நுணுக்கமானது.

"அந்தப் பேனையை எனக்குத் தா." "அந்தப் பேனையை அவனுக்குக் குடு." இந்த ரெண்டையும் நம்மட ஊர்ல சின்னப்பிள்ளை கூட மாத்திச் சொல்லாது. "எனக்குக் குடு" என்று யாராவது சொன்னா இந்தியப் படத்து வசனம் மாதிரிக் கேக்கும். இது வெறும் ஊர்ப் பழக்கம் இல்ல. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்திலேயே இதுக்கு விதி இருக்கு. வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை. அதாவது பொருள் என்னிட்டயோ உங்களிட்டயோ வந்தா 'தா', வேற ஆளிட்டப் போனா 'குடு'.

இப்ப 'பிரிங்', 'டேக்' ரெண்டையும் பாருங்க. சொல்றவர் பக்கமோ கேக்கிறவர் பக்கமோ ஒரு பொருள் வந்தா 'பிரிங்'. வேற இடத்துக்கு, வேற ஆளிட்டப் போனா 'டேக்'. கூட்டாளிக்குக் கோல் எடுத்து "நாளைக்கு உங்கட வீட்டுக்கு நோட்ஸ் கொண்டு வாறன்" என்று சொன்னா அது 'பிரிங்'. "ராத்தாட வீட்டுக்குச் சாப்பாடு கொண்டு போறன்" என்றால் அது 'டேக்'. உம்மா கூப்பிட்டா "வாறன் உம்மா" என்கிறோமே, இங்கிலிஷும் அந்த இடத்தில 'கம்' என்றுதான் சொல்லும், 'கோ' என்று சொல்லாது. தொல்காப்பியம் போட்ட கோட்டுக்குக் கிட்டத்தான் இங்கிலிஷும் கோடு போட்டிருக்கு.

'பொரோ', 'லெண்ட்' ரெண்டும் குழம்புறதுக்குக் காரணம் வேற. தமிழ்ல 'இரவல்' என்ற சொல் ஒன்றுதான். திசையைப் பக்கத்தில நிக்கிற வினை காட்டும்: இரவல் வாங்கு, இரவல் குடு. இங்கிலிஷ் அந்த ரெட்டைச் சொல்லை ஒற்றைச் சொல்லா அமத்தி வெச்சிருக்கு. இரவல் வாங்கினா 'பொரோ'. இரவல் குடுத்தாலும் தந்தாலும் 'லெண்ட்'. 'கேன் யூ பொரோ மீ எ பென்' என்று கேக்கிறவர், தமிழ்ல சொன்னா, "எனக்குப் பேனையை இரவல் வாங்குவீங்களா" என்று கேக்கிறார். அதைத் தமிழாக்கிப் பாத்தாலே பிழை தெரிஞ்சிரும்.

அடுத்தது 'ஹியர்', 'லிஸன்'. அகராதியில ரெண்டுக்கும் 'கேள்'. ஆனா "எனக்குப் பாங்கு கேக்குது" என்கிறதும் "நான் பயான் கேக்கிறன்" என்கிறதும் ஒண்டா? பாங்கு நாம வேலையா இருந்தாலும் காதில விழும். பயானை இருந்து, மனசு வெச்சுக் கேக்கணும். முன்னது 'ஹியர்', பின்னது 'லிஸன்'. கண்ணுக்கும் இதே கணக்குத்தான். மாடியில ஏறினா "கடல் தெரியுது", அது 'ஸீ'. போட் வருதா என்று "கடலைப் பாக்கிறன்", அது 'லுக்'. மெட்ச் பாக்கிற மாதிரி நடக்கிறதைத் தொடர்ந்து பாத்தா 'வொட்ச்'. தமிழ்ல 'எனக்கு' என்று தொடங்கி 'கேக்குது', 'தெரியுது' என்று முடிஞ்சா அது தானா நடக்கிறது. 'நான்' என்று தொடங்கினா அது நாம செய்யிறது.

எல்லாத்துக்கும் தமிழ் கை குடுக்கும் என்று சொல்ல மாட்டேன். 'ஸே', 'டெல்' ரெண்டுக்கும் நம்மட்ட இருக்கிறது 'சொல்லு' ஒன்றுதான். அங்க இங்கிலிஷ் விதியைத்தான் படிக்கணும்: 'டெல்'லுக்குப் பின்னால கேக்கிற ஆள் நேரா வருவார், 'ஹி டோல்ட் மீ'. 'ஸே'க்கும் ஆளுக்கும் நடுவில 'டு' வேணும், 'ஹி ஸெட் டு மீ'. தமிழ் உதவாத இடம் எது என்று கண்டுபிடிக்கவும் முதல்ல தமிழை உத்துப் பாக்க வேண்டியிருக்கு.

"தமிழ்ல யோசிக்காதே" என்ற புத்திமதியில எனக்குப் பயம் இதுதான். இங்கிலிஷ் வராததுக்குக் காரணம் நம்மட வாயில இருக்கிற பேச்சு என்று ஒரு பிள்ளை நம்பத் தொடங்கினா, அந்தப் பேச்சையும் விட்டுரும், இங்கிலிஷும் வராது. ரெண்டு மொழியிலயும் வாய் மூடிப் போயிரும். உண்மையில அந்தப் பிள்ளை யாரும் படிப்பிக்காமலே 'தா', 'குடு' என்ற நுணுக்கத்தைப் பிடிச்ச பிள்ளை. அதால 'பிரிங்'கையும் 'டேக்'கையும் பிடிக்கேலாதா?

வீட்டில தம்பி தங்கச்சி சொல் பாடமாக்கிக்கொண்டு இருந்தா, அவங்கட கொப்பியை ஒருக்கா வாங்கிப் பாருங்க. 'டேக்' என்ற சொல்லுக்கு நேர 'எடு' மட்டும் இருந்தா, பக்கத்தில 'கொண்டு போ' என்றும் எழுதி விடுங்க.